கம்பியில்லாக் கையடக்கச் சாதனங்களின் பேட்டரி: 2027 விதியில் ஈரத்துக்கான விலக்கு எதுவரை செல்லும்?

#1 வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறை, எண் 2023/1542, 2023 ஆகஸ்ட் 17 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் பேட்டரியைக் கழற்றுவதையும் மாற்றுவதையும் பற்றிப் பேசும் அதன் 11-ஆம் பிரிவு பொருந்தத் தொடங்குவது 2027 பிப்ரவரி 18 முதல்தான். இதைப் பற்றிய பேச்செல்லாம் கைபேசியைச் சுற்றியே நடக்கிறது. நான் இங்கே கேட்க விரும்புவது வீட்டில் கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களைப் பற்றி: டிரிம்மர், ஷேவர், மின் பல்துலக்கி, கையடக்க வாக்யூம் கிளீனர், கம்பியில்லா பிளெண்டர், ஜன்னல் கண்ணாடி துடைக்கும் கருவி போன்றவை.

விதி சொல்வது இதுதான். ஐந்து கிலோவுக்கு மேற்படாத, மூடி முத்திரையிட்ட சிறு பேட்டரியை உள்ளடக்கிய பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருபவர், அந்தப் பேட்டரியைப் பயனரே பொருளின் ஆயுள் முழுவதும் எந்த நேரத்திலும் எளிதில் கழற்றி வேறொன்றை மாட்டும்படி வடிவமைத்திருக்க வேண்டும். கடையில் எவரும் வாங்கக்கூடிய கருவிகளே அதற்குப் போதுமானவையாக இருக்க வேண்டும். சிறப்புக் கருவி தேவையென்றால் அதைப் பொருளுடன் இலவசமாகக் கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்கே உரிய தனிக் கருவி, வெப்பம், கரைப்பான் ஆகியவை இல்லாமல் பிரிக்க முடியாதென்றால் அது எளிதில் கழற்றக்கூடியது ஆகாது.

இது ஏன் முக்கியம் என்பதை நான் தன்னார்வலனாகச் செல்லும் ரிப்பேர் கஃபேயின், அதாவது பழுதான பொருட்களைத் தன்னார்வலர்களின் உதவியோடு சரிசெய்துகொள்ளும் கூடத்தின், மேசையிலிருந்து சொல்கிறேன். (2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினா போஸ்ட்மா தொடங்கிய அந்த முயற்சி இன்று ஜெர்மனியின் சிறு ஊர்களிலும் நடக்கிறது.) ஒரு சாதாரண டிரிம்மரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே திருகாணியே தெரியாது. ரப்பர் பிடியை உரித்தால் அதன் அடியில் ஒன்று இருக்கும், வெட்டும் தலையைக் கழற்றினால் இன்னொன்று இருக்கும், மீதி முழுவதும் உள்பக்கமாகக் கொக்கி போட்ட பிளாஸ்டிக் நாக்குகள்தான். மெல்லிய தகட்டை இடுக்கில் விட்டு நெம்பும்போது அவற்றில் ஒன்றாவது ஒடிந்துவிடும், அதன்பின் உடல் முன்புபோல் இறுக்கமாக மூடாது. உள்ளே, விரல் பருமனில் ஒரே ஒரு செல், இரு முனைகளிலும் தகடு ஒட்டி, சர்க்யூட் பலகையில் நேரடியாக ஈயப்பற்று வைக்கப்பட்டிருக்கும். மோட்டார் நன்றாக ஓடுகிறது, கத்தி கூராக இருக்கிறது. அந்த ஒரு செல் தளர்ந்ததற்காக முழுச் சாதனமும் குப்பைக்குப் போகிறது.

விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதில் ஒரு விலக்கு இருக்கிறது. நீர் தெறிக்கும், நீர் பாயும், அல்லது நீரில் மூழ்கும் சூழலில் முதன்மையாக இயங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டு, கழுவவோ அலசவோ உகந்ததாகவும் உள்ள சாதனங்களில், பயனருக்குப் பதிலாக நிறுவனம் சாராத தொழில்முறைப் பழுதுபார்ப்பவர் மாற்றும்படி இருந்தால் போதும். மேலே நான் பட்டியலிட்டவற்றில் பெரும்பாலானவற்றின் பெட்டியில் "கழுவலாம்" என்ற சொல் இப்போதே அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த விலக்கை அகலமாகப் படித்தால் கையடக்கச் சாதனங்களில் விதிக்குக் கட்டுப்பட எதுவும் மிஞ்சாது என்பதே என் கவலை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

#2 வாணி_பரிஸ்

வணக்கம் அண்ணா. நல்ல விடயத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் இருக்கும் நீள்கைப்பிடி வாக்யூம் கிளீனர், வாங்கிய புதிதில் வீடு முழுவதையும் ஒரே மூச்சில் கூட்டி முடிக்கும். இப்பொழுது அதிவேக நிலையில் வைத்தால் ஒரு அறை முடிவதற்குள் நின்றுவிடுகிறது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். அந்த மொடலுக்குப் பற்றரி தனியாக விற்பதில்லை என்றும், பழையதைக் கொடுத்தால் புதிய இயந்திரத்தில் விலைக்கழிவு தருவதாகவும் பதில் வந்தது. மோட்டாரில் எந்தக் குறையும் இல்லாத ஒரு பொருளை நான் எதற்காகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

பிரான்சில் 2021 சனவரி முதல் பழுதுபார்ப்புக் குறியீடு என்ற ஒன்று உள்ளது. கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் என்று தொடங்கி, 2022 நவம்பரில் வாக்யூம் கிளீனர்களையும் அதில் சேர்த்தார்கள். கம்பியுள்ளது, கம்பியற்றது, தானியங்கி என்ற மூன்று வகைகளும் அதில் அடங்கும். பத்துக்கு இத்தனை என்று நிறத்தோடு விலைச்சீட்டின் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். பிரித்தெடுப்பது எவ்வளவு எளிது, உதிரிப்பாகம் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பவற்றோடு, பொருளின் விலையோடு ஒப்பிட்டால் உதிரிப்பாகத்தின் விலை எவ்வளவு என்பதும் அந்தப் புள்ளிக்குள் கணக்கிடப்படுகிறது. இந்தப் பழைய இயந்திரத்தை அதற்கு முன்பே வாங்கியிருந்ததால் எனக்கு அது உதவவில்லை.

என் கவலை ஈரத்தைப் பற்றியது அல்ல, விலையைப் பற்றியது. மாற்றலாம் என்று சட்டம் சொல்லி, பற்றரியின் விலை புதிய இயந்திரத்தின் விலையை நெருங்கினால் யார் மாற்றுவார்கள்?

#3 அச்சாணி

நான் சிறு வீட்டுச் சாதனங்களை வடிவமைக்கும் துறையில் பணியாற்றுகிறேன். நிறுவனத்தின் சார்பாகப் பேசவில்லை, ஆனால் வடிவமைப்பு மேசையில் இந்த விதி எப்படித் தெரிகிறது என்பதையும் இங்கே யாராவது சொல்ல வேண்டும்.

செல்லைப் பலகையில் பற்றவைப்பதற்குக் காரணம் பயனரைத் தடுக்கும் எண்ணம் மட்டுமல்ல. இணைப்பியின் தொடுமுனை அதிர்வில் தளரும், ஈரத்தில் களிம்பு பிடிக்கும், அதிக மின்னோட்டத்தில் சூடாகும். பயனர் கையாளும் பேட்டரிக்குத் தனியாக ஒரு கெட்டியான உறை வேண்டும், ஏனெனில் அது மேசையிலிருந்து விழும், சாவிக்கொத்தோடு பையில் கிடக்கும், குழந்தையின் கைக்குப் போகும். முனை மாற்றி மாட்ட முடியாதபடி வடிவம் வேண்டும். பேட்டரி அறைக்குச் சுவர் வேண்டும், மூடி வேண்டும், மூடிக்கு நீர் புகாத வளையம் வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று கூடி, உள்ளங்கையில் அடங்க வேண்டிய பிடியைத் தடிமனாக்கும்.

மின் பல்துலக்கியின் நிலை இன்னும் கடினமானது. அது தினமும் இருமுறை நனைகிறது, அதன் தண்டு அதிர்ந்துகொண்டே இருக்கிறது, பற்பசை நுரை எந்த இடுக்கிலும் ஊர்ந்து செல்லும். சார்ஜ் ஏறுவதற்குத் துளைகூட வைக்காமல் தூண்டல் முறையில், அதாவது உலோகத் தொடுமுனை இல்லாமல் காந்தப்புலத்தின் வழியாக, ஏற்றுகிறோம். வீட்டில் ஒருவர் அடிமூடியைத் திறந்து, செல்லை மாற்றி, வளையத்தின் மேல் ஒரு முடி கிடப்பதைக் கவனிக்காமல் மூடிவிட்டால், அடுத்த வாரமே உள்ளே நீர் இருக்கும். லித்தியம் செல்லின் மேல் உப்பும் நீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறேன், அது கழிவறை அலமாரியில் நடக்கக் கூடாது.

இன்னொன்று போலி செல்கள். 18650 என்று நாம் அழைக்கும், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளையில் இன்று நல்ல தயாரிப்பு தருவது ஏறக்குறைய 3,500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு. இணையத்தில் அதே உருளையின் மேல் 9,900 என்று அச்சிட்டு விற்கிறார்கள். மூடியைத் திறந்துவிட்டால் உள்ளே போவது அந்த உருளையாகவும் இருக்கலாம் என்பதை நாங்கள் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

#4 வைகைக்கரை

அச்சாணி அவர்களே, விரிவாக எழுதியதற்கு நன்றி. போலி செல்களைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஆபத்துக்கு வளமூட்டுவதே முறையான உதிரி பேட்டரி கிடைக்காமை அல்லவா? வாணி அவர்களைப் போல் நிறுவனத்திடம் கேட்டு "இல்லை" என்ற பதிலைப் பெற்றவர்தான் அடுத்து அந்த 9,900 உருளையைத் தேடிப் போகிறார்.

நீர் விஷயத்தில் ஒரு எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கடலில் முக்குளிப்பவர்கள் கொண்டுசெல்லும் டார்ச்சுகளில் பலவற்றில் நீங்கள் குறிப்பிட்ட அதே 18650 செல்தான் இருக்கிறது. நூறு மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று குறிக்கப்பட்டவற்றில்கூடப் பயனர் தம் கையால் மூடியைத் திருகித் திறந்து, செல்லை எடுத்துச் சார்ஜ் ஏற்றி, மீண்டும் போட்டு, மசகிட்ட இரட்டை வளையத்தின் மேல் மூடிவிட்டுக் கடலுக்குள் இறங்குகிறார். நூறு மீட்டர் ஆழத்தில் முடிவது முகம் கழுவும் தொட்டியில் முடியாது என்று சொல்வதை ஏற்பதற்கு எனக்கு இன்னும் வலுவான காரணம் வேண்டும்.

#5 ஆலமரத்தடி

சட்டப் படிப்பின் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். இந்த விவாதத்தில் விலக்கு என்பது சாதனத்தின் வகையைப் பொறுத்துத் தானாகக் கிடைப்பதுபோல் பேசப்படுகிறது. உரை அப்படி எழுதப்படவில்லை.

முதலில், இரண்டு நிபந்தனைகள் "மற்றும்" என்று சேர்க்கப்பட்டிருக்கின்றன. சாதனம் நீர்ச் சூழலில் முதன்மையாக இயங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும், அதோடு கழுவவோ அலசவோ உகந்ததாகவும் இருக்க வேண்டும். பெட்டியில் "கழுவலாம்" என்று அச்சிடுவதால் இரண்டாவது மட்டுமே நிறைவேறுகிறது. முடி வெட்டும் டிரிம்மரை எடுத்துக்கொள்வோம். அது இயங்குவது உலர்ந்த முடியின் மேல், அதன் தலையைக் குழாயடியில் அலசுவது இயக்கம் அல்ல, சுத்தம் செய்தல். கம்பியில்லா பிளெண்டரிலும் குழம்புக்குள் இறங்குவது கீழ்த்தண்டு மட்டும்தான், பேட்டரி இருக்கும் கைப்பிடியை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லித்தான் கையேடே எழுதுகிறது. இவை இரண்டும் விலக்குக்கு வெளியே நிற்கின்றன என்பதே என் வாசிப்பு. பல்துலக்கி உள்ளே வரலாம். ஜன்னல் துடைக்கும் கருவி வாதத்துக்கு உரியது.

இரண்டாவது, மேற்கண்ட இரண்டும் நிறைவேறினாலும் போதாது. பயனரின் பாதுகாப்பையும் சாதனத்தின் பாதுகாப்பையும் உறுதிசெய்ய அந்த விலக்கு தேவைப்படும் இடத்தில் மட்டுமே அது பொருந்தும் என்று பிரிவே கூறுகிறது. முன்னுரைப் பத்திகளில் இது இன்னும் தெளிவாக இருக்கிறது: சாதனத்தை மறுவடிவமைப்புச் செய்வதன் மூலம் அந்தப் பாதுகாப்பைத் தர முடியாது என்ற நிலையில்தான் விலக்கு உண்டு. ஆகவே "இப்போதுள்ள வடிவத்தில் முடியாது" என்பது விடையாகாது. "வேறு எந்த வடிவத்திலும் முடியாது" என்பதைக் காட்டும் சுமை நிறுவனத்தின் தோளில் இருக்கிறது. வைகைக்கரை அவர்கள் சொன்ன டார்ச் எடுத்துக்காட்டின் வலிமை இங்கேதான் தெரிகிறது.

மூன்றாவது, விலக்கு கிடைத்தாலும் ஒட்டி மூடிவிட அனுமதி கிடைத்ததாகப் பொருள் அல்ல. நிறுவனத்தைச் சாராத பழுதுபார்ப்பவரால் கழற்றி மாற்ற முடிய வேண்டும். பழைய பேட்டரி வழிகாட்டுதலான 2006/66-இன் கீழ், ஆயுள் முடிந்த பல்துலக்கியை உடைத்து பேட்டரியை வெளியே எடுக்கும் படத்தைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டால் போதும் என்று பலர் நடந்துகொண்டார்கள். புதிய விதியில் எடுத்த பிறகு மற்றொன்றை வைத்து, இயக்கமோ செயல்திறனோ பாதுகாப்போ குறையாமல் பொருள் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும்.

கைபேசியோடு ஒப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் 2025 ஜூன் 20 முதல் 2023/1670 என்ற தனி விதி உள்ளது. அதில், சார்ஜ் ஏறி இறங்கும் 500 முழுச் சுழற்சிகளுக்குப் பின் 83 விழுக்காடும் 1,000 சுழற்சிகளுக்குப் பின் 80 விழுக்காடும் கொள்ளளவு மிஞ்சி, நீர் புகாத தன்மையும் இருந்தால், பயனர் மாற்றும் கடமையிலிருந்து விலகும் வழி தரப்பட்டிருக்கிறது. 11-ஆம் பிரிவில் நீண்டநாள் உழைக்கும் பேட்டரிக்கு அப்படியொரு வழி இல்லை. டிரிம்மர் செய்பவர் "எங்கள் செல் பத்தாண்டு உழைக்கும்" என்று சொல்லித் தப்ப முடியாது.

#6 கோவைப்பட்டறை

ஐயா, நான் கோயம்புத்தூரில் சிறு சாதனங்கள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஐரோப்பியச் சட்டம் எங்களைக் கட்டாது என்றாலும், அதே டிரிம்மரும் அதே வாக்யூம் கிளீனரும்தான் இங்கேயும் விற்பனைக்கு வருகின்றன. எனவே அங்கே மூடி திறக்கும்படி அச்சு மாறினால் இங்கேயும் அதே அச்சில் வரும் என்ற நம்பிக்கையோடு இதைப் படித்து வருகிறேன்.

இந்த விதியில் எனக்கு ஒரு பெரிய குறை தெரிகிறது. கையடக்கச் சாதனங்களுக்கு அது முழு பேட்டரியைப் பற்றி மட்டுமே பேசுகிறது, உள்ளே உள்ள செல்லைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் மேசைக்கு வரும் வாக்யூம் கிளீனரின் பேட்டரி பேக்கில் ஆறு அல்லது ஏழு செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கும். திறந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஐந்து செல்கள் 3.9 வோல்ட்டில் நலமாக நிற்கும், ஒன்று மட்டும் 2.6-க்கு இறங்கியிருக்கும். அந்த வித்தியாசத்தைக் கண்டதும் பேக்கில் உள்ள பாதுகாப்புப் பலகை தன்னைப் பூட்டிக்கொள்ளும். சில பலகைகளில் அந்தப் பூட்டு நிரந்தரமானது, செல்லை மாற்றி ஸ்பாட் வெல்டிங் போட்டு எல்லாவற்றையும் சமன்செய்து வைத்தாலும் சிவப்பு விளக்கு அணையாது. செல்லுக்கு ஆகும் செலவு சிறியது, பூட்டினால் முழு பேக்கும் வீணாகிறது. மின்சார சைக்கிள் போன்ற இலகு வாகனங்களின் பேட்டரிக்கு மட்டும் தனித்தனி செல்லையும் தொழில்முறையாளர் மாற்ற முடிய வேண்டும் என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சலுகையைக் கைச்சாதனங்களுக்கும் தந்திருக்கலாம்.

இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்தன. அது நல்ல தொடக்கம்தான். ஆனால் பேட்டரியைச் சாதனத்திலிருந்து உடைக்காமல் எடுக்க முடிந்தால்தானே அதைத் தனியாகச் சேகரிக்க முடியும்? சென்னை ரிச்சி தெருவில் ஒரு செல்லை வாங்கிவிடலாம், அதைப் போடுவதற்கான உடலை உடையாமல் திறப்பதுதான் கஷ்டம்.

#7 சூரிச்_செல்வம்

சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. எங்களுக்கு இந்த விதி பொருந்துமா? யாராவது சுருக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#8 ஆலமரத்தடி

நேரடியாகப் பொருந்தாது, செல்வம். ஆனால் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் ஒரு வடிவத்தைச் செய்துவிட்டு சுவிட்சர்லாந்துக்கு மட்டும் ஒட்டி மூடிய வேறொன்றைச் செய்வது நிறுவனத்துக்கு வீண் செலவு. கோவைப்பட்டறை அவர்கள் கோயம்புத்தூருக்கு எதிர்பார்ப்பது உங்களுக்கு இன்னும் உறுதியாகக் கிடைக்கும்.

#9 அச்சாணி

ஆலமரத்தடி அவர்களின் வாசிப்பில் பெரும்பகுதி சரி என்றே நினைக்கிறேன். டிரிம்மரையும் பிளெண்டரையும் விலக்குக்குள் இழுப்பதை நானும் ஆதரிக்கவில்லை. எங்கள் துறையில் பலரும் அவற்றுக்கு இணைப்பியும் திருகாணியும் வைத்த புதிய உடலை வரையத்தான் செய்கிறார்கள், ஏனெனில் பற்றவைத்த செல்லை எடுக்க வெப்பம் வேண்டும், வெப்பத்தை விதி ஏற்பதில்லை.

டார்ச் விஷயத்தில் மட்டும் நான் உடன்படவில்லை. முக்குளிப்பவர் பயிற்சி பெற்றவர், ஒவ்வொரு முறையும் வளையத்தைத் துடைத்து மசகிட்டுப் பார்ப்பது அவருடைய பழக்கம், கவனக்குறைவின் விலை அவருக்குத் தெரியும். டார்ச்சில் அசையும் தண்டும் இல்லை. பல்துலக்கியை மூன்றாண்டுக்கு ஒருமுறை திறக்கப்போகிறவர் அப்படிப்பட்டவர் அல்ல. இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது: செல்லும் அடிமூடியும் வளையமும் ஒரே துண்டாக வரும் உதிரிப்பாகம். பழையதை முழுவதுமாக வெளியே இழுத்து, புதியதைச் சொருகித் திருகினால் வளையமும் ஒவ்வொரு முறையும் புதியதாகவே இருக்கும். விதி முழு பேட்டரியைப் பற்றிப் பேசுவதால் இது அதற்கும் பொருந்தும். செலவு கூடும், ஆனால் செய்யக்கூடியது.

கோவைப்பட்டறை அவர்களுக்கு: தனிச்செல் மாற்றத்தில் எனக்குள்ள தயக்கம் பொருத்தத்தைப் பற்றியது. தேய்ந்த ஐந்து செல்களுக்கு நடுவே புதிய ஒன்றை வைத்தால் கொள்ளளவும் உள்தடையும் ஒத்துப்போகாமல், தேய்ந்தவற்றில் பலவீனமானது சில மாதங்களில் விழும். கையில் வரும் பேக்கின் எல்லாச் செல்களையும் மாற்றி, பலகையை மீட்டமைக்கும் வழியைத் தொழில்முறையாளருக்குத் திறந்துவிடுவதே சரி. பலகை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்வதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஒரு செல் ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கியபின் மீண்டும் சார்ஜ் ஏற்றாமல் தடுப்பது பாதுகாப்பு, நல்ல செல்களை வைத்தபின்னும் திறக்க மறுப்பது பாதுகாப்பு அல்ல.

#10 ஆலமரத்தடி

அந்தக் கடைசி வரியையொட்டி ஒன்று. மென்பொருளைக் கொண்டு பேட்டரியையோ அதன் முக்கியப் பாகங்களையோ பொருத்தமான வேறொன்றால் மாற்றுவதைத் தடுக்கக் கூடாது என்று 11-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. நிறுவனத்தின் சொந்த பேட்டரியைத்தான் மாட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே இல்லை, "பொருத்தமான மற்றொரு பேட்டரி" என்றே உள்ளது. பேக்கில் ஒரு சிப்பை வைத்து, பிற தயாரிப்புகளைச் சாதனம் ஏற்க மறுக்கும் வழக்கம் கருவிச் சந்தையிலும் வாக்யூம் கிளீனர்களிலும் தலைகாட்டியிருக்கிறது. 2027-க்குப் பிறகு அதை நிறுவனம் நியாயப்படுத்துவது கடினம்.

#11 வாணி_பரிஸ்

எல்லாரும் விரிவாக எழுதுகிறீர்கள், நன்றி. ஆனால் என் விலைக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அத்துடன் இன்னொரு கேள்வியும் உண்டு. என் இயந்திரத்துக்குப் பொருந்தும் பற்றரி சென்னையில் கிடைப்பதாக மைத்துனர் சொல்கிறார். பொதியாக அனுப்பச் சொல்லலாமா, அல்லது வரும்பொழுது கொண்டுவரச் சொல்லலாமா?

#12 வைகைக்கரை

வாணி, இரண்டுக்கும் சொல்கிறேன்.

விலையைப் பற்றி: ஒரு மாதிரியின் கடைசிப் பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு அதன் பேட்டரி உதிரிப்பாகமாகக் கிடைக்க வேண்டும், பயனருக்கும் நிறுவனம் சாராத பழுதுபார்ப்பவருக்கும் நியாயமான, பாகுபாடற்ற விலையில் கிடைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் நியாயமான விலைக்கு விழுக்காடு எதையும் அந்தப் பிரிவு குறிப்பிடவில்லை. உங்கள் பிரான்சின் குறியீடு பொருளின் விலையோடு உதிரிப்பாக விலையை ஒப்பிட்டுப் புள்ளி கொடுக்கிறதே, அதே அளவுகோலை ஒன்றியம் முழுவதற்கும் கொண்டுவர வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். விலைக்கு வரம்பு இல்லாமல் மூடிக்குத் திருகாணி மட்டும் வைத்தால் நீங்கள் முதலில் சொன்ன நிலைமைதான் தொடரும்.

இதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பழுதுபார்ப்பு உரிமை வழிகாட்டுதலான 2024/1799-ஐ உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் செயல்படுத்த வேண்டும். அதன் பட்டியலில் வாக்யூம் கிளீனர் இருக்கிறது, ஆனால் அது 666/2013 என்ற பழைய விதியைச் சுட்டி எழுதப்பட்டது. அந்தப் பழைய விதியோ பேட்டரியில் ஓடும் வாக்யூம் கிளீனர்களை முதலிலேயே விலக்கிவிட்டது. சுவரில் செருகும் இயந்திரத்தின் மோட்டார் 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கேட்ட சட்டம், இன்று வீடுகளில் அதிகம் வாங்கப்படும் கம்பியில்லாதவற்றிடம் அதைக் கேட்கவில்லை. ஆகவே நம் கைச்சாதனங்களுக்கு இப்போது பிடிமானமாக இருப்பது 11-ஆம் பிரிவு ஒன்றுதான், அதனால்தான் ஈர விலக்கைக் குறுக்கிப் படிக்க வேண்டும் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

சென்னையிலிருந்து வரும் பேட்டரியைப் பற்றி: தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பல கூரியர் கடைகள் கேட்டவுடனே மறுத்துவிடும், சொல்லாமல் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புவது ஆபத்தானது, செய்யவே செய்யாதீர்கள். மைத்துனர் கையில் கொண்டுவரலாம், ஆனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனிப் பிளாஸ்டிக் உறையில் போடச் சொல்லுங்கள். 100 வாட் மணிக்கு உட்பட்ட உதிரி பேட்டரிக்கு வழக்கமாக விமான நிறுவனத்தின் முன்அனுமதி தேவைப்படாது. 21.6 வோல்ட், 2.5 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்கினால் 54 வாட் மணி, எல்லைக்குள் வருகிறது. வாங்கும்முன் இந்த எண்கள் பேக்கின் மேல் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், எண்கள் இல்லாத பேக்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மாற்றிய பின் பழைய பேக்கைக் குப்பையில் போடாமல் முனைகளை ஒட்டிக் கடையில் ஒப்படையுங்கள். ஒன்றியத்துக்குள் கையடக்க பேட்டரி விற்கும் கடைகள் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் பழையதை இலவசமாக வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய பேக்கைச் சுவர் தாங்கியிலேயே நாள் முழுவதும் நிறைசார்ஜில் தொங்கவிடாமல், முடிந்தபோதெல்லாம் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் அது மெதுவாகத் தேயும்.

கடைசியாக, 2027 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாளுக்கு முன்பே ஒன்றியச் சந்தைக்கு வந்துவிட்ட இருப்பைக் கடைகள் அதன்பின்னும் விற்கலாம், ஆகவே அலமாரியில் இரண்டு வகையும் கலந்து நிற்கும். புதிய விதிக்கு உட்பட்ட பொருளுக்கு பேட்டரியைக் கழற்றி மாற்றும் முறையும் பாதுகாப்புக் குறிப்பும் பொருளுடன் வர வேண்டும், பொது இணையதளத்திலும் நிரந்தரமாக இருக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாதிரியின் எண்ணைத் தேடி அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், அதிலேயே உதிரி பேட்டரியின் விலையையும் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள், வந்த பதிலை நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துவிட்டு இந்த இழையில் இடுங்கள். ஜன்னல் துடைக்கும் கருவி ஒன்று அடுத்த முறை மேசைக்கு வரும்போது, அதன் பேட்டரி அறை எவ்வளவு நனைகிறது என்பதைப் படங்களோடு நான் இங்கே எழுதுகிறேன்.